கூடை மேல் கிடந்த சக்கரம்

என் தங்கை அமுதவல்லியைக் கட்டிய மாப்பிள்ளை மதியழகனுக்கு ஒரு பழக்கம் உண்டு. விடிந்தும் விடியாததுமாக எழுந்து, வாசலில் நிற்கும் காரில் ஏறி, சாவியைத் திருகி, கண்ணை மூடி உட்கார்ந்துகொள்வார். வண்டி ஒரு அடி நகராது. வலது கால் மட்டும் லேசாக அமுக்கும், விடும். இன்ஜின் சிணுங்கி எழும், அடங்கும். கொஞ்ச நேரம் கழித்து நிறுத்திவிட்டு, எங்கோ தூரதேசம் போய்த் திரும்பிய முகத்தோடு இறங்கிப் பல் விளக்கப் போவார்.

முதல் தடவை இதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எங்க போயிட்டு வாரீங்க மாப்ள?" என்று கேட்டேன்.

"சும்மா அப்படியே ஒரு சுத்துங்க மச்சான்" என்றார். நான் கிண்டல் செய்தது அவருக்கு உறைக்கவே இல்லை.

எனக்கு நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் வியாபாரம். காலை முதல் மாலை வரை யாரிடமாவது கத்திக்கொண்டே இருக்க வேண்டிய தொழில். தொண்டை கட்டிக்கொண்டால் தங்கை வீட்டுக்குப் போய்விடுவேன். காரவள்ளிக்குப் பக்கத்தில், கொல்லிமலை அடிவாரத்தில் தோட்டத்து வீடு. மலை வாசலுக்கு நேரே நிற்கும். ஆனால் விடியற்காலையில் பார்த்தால் மலை இருக்காது, வெறும் பனிதான் இருக்கும். காப்பியை ஆற்றிக் குடித்து முடிப்பதற்குள் உச்சியில் ஒரு விளிம்பு மெதுவாகத் தெரிய ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் அங்கே யாருக்கும் கத்தத் தோன்றாது.

மதியழகன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ரிக் வண்டியில் இருந்தவர். திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் போட வடக்கே போகும் வண்டி. சத்தீஸ்கர், ஒடிசா என்று மாசக்கணக்கில் போய்க் கிடப்பார். கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கை ஜாடையில்தான் பேச வேண்டும். கல்யாணத்தன்று மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தவர், தண்ணீர் வேண்டும் என்று என்னிடம் ஜாடைதான் காட்டினார். ஊமைக்குக் கட்டிக் கொடுத்துவிட்டோமோ என்று எங்கள் சித்தி பயந்தே போனாள்.

எல்லாம் கனமாக இருந்த வாழ்க்கை அது. குழாய் கனம், சங்கிலி கனம், சத்தமும் கனம். அத்தனைக்கும் நடுவில் அந்த மனிதர் ஒரே ஒரு சின்னச் சத்தத்தை மட்டும் காதில் பத்திரமாக வைத்திருந்தார். ராய்ப்பூர் பக்கம் ஒரு சாலையோரக் கடையில் அவர் ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது, பந்தயத்துக்கு ஓட்டும் குட்டிக் கார் ஒன்று வந்து நின்றிருக்கிறது. கிளம்பும்போது அதை ஓட்டியவர் ஒரு மிதி மிதித்தாராம்.

"விர்ருனு எந்திரிச்சு, கால எடுத்ததும் அப்படியே அடங்கிருச்சுங்க மச்சான். கம்பியில இருந்து குருவி எந்திரிக்குமே, அந்த மாதிரி. அந்தச் சத்தத்துல எடையே இல்லீங்க" என்பார். இதைச் சொல்லும்போதெல்லாம் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவார்.

போய் விசாரித்ததில், அந்தக் காரில் ஃப்ளைவீலை மாற்றி லேசானதாகப் போட்டிருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஃப்ளைவீல் என்பது இன்ஜினுக்குப் பின்னால் சுற்றும் கனத்த இரும்புச் சக்கரம். இன்ஜின் தடுமாறும்போது விழுந்துவிடாமல் இழுத்துப் பிடித்துச் சுற்ற வைப்பது அதன் கனம்தான். கனத்தைக் குறைத்தால் இன்ஜின் சட்டென்று வேகம் பிடிக்கும், சட்டென்று விட்டும் விடும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், அதுவும் அவர் சொல்லித் தெரிந்தது.

ரிக்கை விட்டு ஊரோடு வந்த பிறகு ஒரு பழைய பெட்ரோல் கார் வாங்கினார். வாங்கிய சூட்டோடு சேந்தமங்கலம் ரோட்டில் இருக்கும் மெக்கானிக் சின்னுசாமியிடம் கொண்டுபோய் நிறுத்தினார். கூட நானும் போயிருந்தேன். கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்த புதுச் சக்கரத்தைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பிறந்த குழந்தையைக்கூட அவர் அப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை.

சின்னுசாமி அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "மிதிச்சா ஒடனே எகிறுமுங்க. கியர் கொறைக்கறப்ப இன்ஜின் சட்டுனு ஒத்துக்கும். ஓட்டறவனுக்கு நெம்ப சொகமா இருக்கும். ஆனா பவர் எச்சாகும்னு நெனச்சுக்காதீங்க, அது இருக்கறதுதான் இருக்கும். நின்ன எடத்துல இருந்து எடுக்கறதுதான் ரோதனை. கொஞ்சம் ஏமாந்தா ஆஃப் ஆயிரும். மேட்டுல, திருப்பத்துல கிளட்ச்சக் கெஞ்சித்தான் வுடோணும். சும்மா நிக்கறப்ப வண்டி நடுங்கும், உள்ள சலசலனு சத்தம் வரும். மலையடிவாரத்துல குடியிருந்துட்டு இது வேணுங்களா?"

"நாந்தானுங்களே ஓட்டப் போறேன்" என்றார் மதியழகன். அன்றைக்கு அது உண்மைதான்.

மாட்டிய மறுநாள் காலை என்னை ஏற்றிக்கொண்டு ராசிபுரம் ரோட்டில் போனார். இருபுறமும் மரவள்ளிக் காடு, நடுவில் ஈரமான தார் ரோடு, எதிரே வண்டியே இல்லை. அவர் காலை அமுக்கும் முன்பே வண்டிக்கு விஷயம் தெரிந்துவிட்டது போலிருந்தது. கியர் மாற்றுவது கைக்குத் தெரியவில்லை. சத்தம் எழுந்து, அடங்கி, மறுபடி எழுந்து, கடைசியில் நாங்கள் போவதே மறந்துபோய் காடுகள்தான் எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தன. என்னைப் பேசாமல் உட்கார வைத்த வண்டி அது ஒன்றுதான்.

அமுதவல்லிக்கு மட்டும் அதைப் பிடிக்கவில்லை. "நின்னா நடுங்குது, காய்ச்சலாங்க வண்டிக்கு?" என்று கேட்டாள். கழற்றிய பழைய சக்கரத்தை மதியழகன் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து வாசலில் போட்டிருந்தார். அது என்ன என்று கேட்டதற்கு, "ரிக் சாமான்" என்று சொல்லிவிட்டார். எதற்கு அந்தப் பொய் என்றால், கம்பெனிக்காரன் மாட்டியதைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டியிருக்கிறேன் என்று சொன்னால் ஏன், எதற்கு என்று பொழுது சாயும் வரை பதில் சொல்ல வேண்டும். அவருக்கு அது சிரமம். என் தங்கை அதைத் தூக்கிப் பார்த்தாள், நல்ல கனம். கோழிகளைக் கவிழ்த்து மூடும் மூங்கில் பஞ்சாரத்தின் மேல் வைத்தாள். சக்கரத்தின் நடுவில் இருந்த ஓட்டை, கூடையின் முகட்டில் அளவெடுத்தது போல உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு எந்தக் கீரியாலும் அந்தக் கூடையைச் சாய்க்க முடியவில்லை.

இப்படியே இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அமுதவல்லி கால்நடைத் துறையில் ஆய்வாளர். ஆடு மாடுகளுக்குத் தடுப்பூசி போடுவது, சினை பார்ப்பது என்று சேந்தமங்கலம் வட்டாரத்தில் அவள் கால் படாத பட்டி இல்லை. போன வருஷம் அவளுக்குப் பதவி உயர்வு வந்தது, கொல்லிமலை மேலே. மலையில் குடியிருப்புகள் தூரம் தூரமாக இருக்கும். எல்லா இடத்துக்கும் பஸ் கிடையாது. ஊசி மருந்தை ஐஸ் பெட்டியோடு கொண்டுபோக வேண்டும். காரில் தானே ஓட்டிப் போனால்தான் அந்த வேலையை வேலையாகச் செய்ய முடியும்.

அவளுக்கு அது வேலை மட்டும் இல்லை. சின்ன வயதில் ஆடிப் பதினெட்டுக்கு எங்கப்பா எங்களைப் பஸ்ஸில் மலைக்குக் கூட்டிப் போவார். எழுபது கொண்டை ஊசி வளைவு. நான் வாந்தி எடுத்துக்கொண்டே போவேன். இவள் டிரைவருக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஸ்டியரிங்கைச் சுற்றும் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு வருவாள். "நானே ஓட்டிக்கிட்டு ஒருநா மேல வருவேன்" என்றாள். நான் சிரித்ததற்கு என் கையைக் கடித்துவிட்டாள். உத்தரவு கைக்கு வந்த அன்று போனில் அவள் பேசிய குரலில் அந்தப் பல் தழும்பு எனக்கு மறுபடி வலித்தது.

டிரைவிங் பள்ளியில் பழகி லைசென்ஸ் வாங்கியிருந்தாள். பள்ளிக்கூடத்துக் காரை நாமக்கல் கடைவீதியிலேயே ஓட்டியவள். ஆனால் இந்தக் காரில் உட்கார்ந்தால் ஆகவில்லை. கிளட்சிலிருந்து காலை எடுத்ததும் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்துவிடும். மறுபடி எடுத்தால் மறுபடி அணையும். பயத்தில் ஆக்ஸிலேட்டரை அதிகம் மிதித்தால் அலறிக்கொண்டு முன்னால் பாயும், கிளட்ச் கருகும் வாசனை வரும். பக்கத்தில் உட்கார்ந்து மதியழகன், "போகப் போகச் சரியாயிரும் அம்மிணி" என்பார். அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டார்.

புதிதாக ஓட்டுகிறவளின் தடுமாற்றம் என்றுதான் நான் நினைத்தேன், சின்னுசாமி சொன்னது எனக்கு ஞாபகமே வரவில்லை. அவருக்குக் காரணம் தெரியும். சொன்னால் அந்தச் சக்கரத்தைக் கழற்ற வேண்டி வரும், கழற்றினால் அந்தச் சத்தம் போய்விடும். எத்தனையோ வருஷம் இரைச்சலுக்குள் கிடந்துவிட்டு இப்போதுதான் கைக்குக் கிடைத்த ஒன்று. அவள் பழகிக்கொண்டால் இரண்டும் தப்பித்துவிடும் என்று நம்பிக்கொண்டே இருந்தார். நல்லவர்கள் செய்யும் அயோக்கியத்தனம் இப்படித்தான் இருக்கும், சத்தமே வராது.

அடுத்து வந்த திங்கட்கிழமைக்குள் அவள் மலையில் வேலையை ஏற்றுக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு முன் வந்த அமாவாசையன்று குலதெய்வம் கருப்பணாரிடம் பூ கேட்கப் போனோம். எங்கள் பக்கம் எந்தக் காரியமானாலும் பூ கேட்காமல் இறங்க மாட்டோம். வெள்ளை அரளியை ஒரு பொட்டலம், சிவப்பு அரளியை ஒரு பொட்டலம் கட்டிச் சாமி காலடியில் போடுவார்கள். குழந்தை ஒன்றை விட்டு எடுக்கச் சொல்லுவார்கள். வெள்ளை வந்தால் போகலாம். கோயிலில் ஓடியாடிக் கொண்டிருந்த ஒரு பாப்பா எடுத்துக் கொடுத்ததில் வெள்ளை வந்தது. அமுதவல்லிக்குக் கண் கலங்கிவிட்டது.

"சாமி குடுத்துட்டாருங்க. அம்மிணியே வண்டிய எடுக்கட்டும்" என்றார் பூசாரி. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். சுற்றிலும் சனம். அவள் உட்கார்ந்து, கும்பிட்டு, கியரைப் போட்டுக் காலை எடுத்தாள். வண்டி பழத்தில் லேசாக முட்டி, உதறி, அணைந்தது. மறுபடி எடுத்தாள். மறுபடி அணைந்தது. பழம் நசுங்கக்கூட இல்லை. சக்கரத்துக்கு முன்னால் மஞ்சளாக முழித்துக்கொண்டு கிடந்தது. யாரோ ஒரு கிழவர், "வேண்டாஞ்சாமி, எறங்கிருங்க" என்றார்.

அவள் இறங்கினாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. "பூவக் குடுத்த சாமியே வண்டியப் புடிச்சு நிறுத்திட்டாரு. எனக்கு அந்த மலை வேண்டாமுங்கண்ணா. திங்கக்கிழம எழுதிக் குடுத்தர்றேன்" என்றாள்.

சொல்லிவிட்டு அவள் நடந்தே வீட்டுக்குப் போனாள். காரை மதியழகன் எடுத்து வந்தார். அவர் எடுத்ததும் அது வழுக்கிக்கொண்டு போனது. நான்கு பழமும் ஒரே நேரத்தில் நசுங்கியது எனக்குக் கேட்டது.

மறுநாள் காலை தங்கை வீட்டில் நான் விழித்தபோது ஏதோ குறைந்தது. கார்ச் சத்தம் இல்லை. வெளியே வந்தால் நல்ல பனி. வாசலும் தெரியவில்லை, மலையும் தெரியவில்லை, எல்லாம் ஒரே வெள்ளையாக மிதந்துகொண்டிருந்தது. அந்த வெள்ளைக்குள் மதியழகன் பஞ்சாரத்தின் முன்னால் குந்தியிருந்தார். கூடைக்குள் கோழிகள் முனகிக்கொண்டிருந்தன. மேலே இருந்த சக்கரத்தின் விளிம்புப் பற்களில் பனி கோத்து, பல் பல்லாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

அமுதவல்லி கோழிகளைத் திறந்துவிட வந்தாள். தினமும் செய்வது போல இரண்டு கையாலும் அந்தச் சக்கரத்தைத் தூக்கினாள்.

"அது ரிக் சாமான் இல்ல அம்மிணி" என்றார் அவர். "நம்ம காரோடது."

அவள் புரியாமல் பார்த்தாள். அவர் எழுந்திருக்கவே இல்லை, தரையைப் பார்த்தே சொன்னார். ராய்ப்பூர்க் கடை, அந்தச் சத்தம், சின்னுசாமி சொன்னது, இது இருந்திருந்தால் வண்டி அணைந்திருக்காது என்பது எல்லாவற்றையும் சொன்னார். "உன்ற காலு மேல தப்பில்ல. சாமி மேலயும் இல்ல. நாந்தான் கம்முனு நின்னுட்டேன்" என்றார்.

சக்கரம் அவள் கையில்தான் இருந்தது. "என்னையச் சொன்னாக்கூடப் போச்சாதுன்னு வுட்ருப்பனுங்க. அத்தன சனத்துக்கு முன்னால கருப்பணார் மேல பழி வுழுகுது, பாத்துக்கிட்டு நின்னீங்களே" என்றாள். அழுகையும் சேர்ந்து வந்தது. "ஒரு சத்தத்துக்காகவாங்க? நான் ராத்திரி முச்சூடும் என்ற காலையே நொந்துக்கிட்டுக் கெடந்தனே."

நான் குறுக்கே புகுந்து மாப்பிள்ளையை நாலு வார்த்தை கேட்கத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால், திட்டுவதற்கு அங்கே மிச்சம் எதுவும் இல்லை.

அவள் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் காரின் பின் சீட்டில் தொப்பென்று போட்டாள். "எந்திரிச்சு வண்டிய எடுங்க" என்றாள்.

சின்னுசாமி ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் கடையைத் திறந்தார். கியர்பாக்ஸை இறக்கி, லேசானதைக் கழற்றி, கோழி எச்சம் துடைத்து, துருவைத் தேய்த்துப் பழையதை மாட்டினார். வேலை முடியும் வரை மதியழகன் ஒரு டயர் மேல் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் சின்னுசாமி முடுக்கிக் காட்டினார். இன்ஜின் சோம்பல் முறித்து எழுந்தது, அடங்கவும் அவசரப்படவில்லை. மதியழகன் காதைக் கொடுத்துக் கேட்டார். "ரிக்குச் சத்தமாட்டம் இருக்குதுங்க" என்றார், சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை அமுதவல்லி ஐஸ் பெட்டியைப் பின்னால் வைத்தாள். மதியழகன் பழக்கத்தில் முன் கதவைத் திறந்தார். "நீங்க வர வேண்டாம். நான் தனியாத்தான் போகோணும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு டிரைவர் கையைப் பார்த்த அந்தச் சின்னப் பெண்தான் சொன்னாள்.

காலை எடுத்தாள். வண்டி ஒருமுறை முனகியது. அணையவில்லை. கருப்பணார் கோயிலைத் தாண்டும்போது நிறுத்தி, இறங்காமலே கும்பிட்டு, மறுபடி எடுத்துக்கொண்டு போய்ப் பனிக்குள் மறைந்தாள்.

இப்போதும் மதியழகன் விடியற்காலையில் எழுந்துகொள்கிறார். லேசான சக்கரம் பஞ்சாரத்தின் மேல் கிடக்கிறது. கனம் போதாமல் கீரி ஒரு தடவை கூடையைச் சாய்த்துவிட்டதால் அதன் மேல் ஒரு கல்லும் வைத்திருக்கிறார்கள். அவள் கிளம்பிப் போன பிறகு, கார் நின்ற இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, மலைப் பக்கம் காதைக் கொடுத்துக் கண்ணை மூடி உட்கார்ந்துகொள்கிறார். வலது கால் மட்டும் லேசாக அமுங்கும், நிற்கும்.

போன வாரம் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். பனி விலகவில்லை. தூரத்தில் மயில் ஒன்று கத்தியது. மாப்பிள்ளையின் முகம் சட்டென்று இறுகியது.

"எதுக்க பஸ்ஸு வருதுங்க. வளைவுல நிறுத்திட்டா" என்றார் மெதுவாக.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். நானும் ஏனோ பிடித்துக்கொண்டேன். தரையில் அவர் கால் துளித்துளியாக அமுங்கியது.

"எடுத்துட்டா" என்றார்.